வியாழக்கிழமைச் சாப்பாடு

மெக்ஸிகோவில் ஓட்டலுக்குப் போனால் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு பில்லுக்காகக் காத்திருக்காதீர்கள். வராது. ஒரு மணி நேரமானாலும் வராது. சர்வர் உங்களை மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தூணோரமாக நின்று உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். நீங்களாகக் கையைத் தூக்கி, ‘லா குவென்தா, போர் ஃபவோர்’ என்று கேட்டால்தான் சீட்டு வரும். கேட்காமல் பில்லை நீட்டுவது, ‘எழுந்து போ’ என்று சொல்வதற்குச் சமம். அந்த மரியாதைக்குறைவை அவர் செய்யமாட்டார்.

நம் ஊரில் எப்படி? நீங்கள் மோர் சாதத்துக்கு வருவதற்குள் உங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்பார். அவர் பார்வையிலேயே நமக்குப் பாதி ஜீரணமாகிவிடும்.

இங்கே மத்தியானச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. ‘கொமீதா’ என்பார்கள். இரண்டு மணிக்கு மேல்தான் உட்காருவார்கள். நாலரை, ஐந்துகூட ஆகும். சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல், தட்டெல்லாம் போன மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவதற்குத் தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். ‘சோப்ரெமேசா.’ நேர் அர்த்தம், மேஜைமேல். நமக்கும் திண்ணைப் பேச்சு என்று ஒன்று இருந்ததல்லவா? திண்ணையை இடித்து போர்டிகோ கட்டியபோது அந்தப் பேச்சும் போய்விட்டது.

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒரு ஆள் உங்கள் மேஜையைத் தாண்டிப் போகிறார். போகிற போக்கில் ‘ப்ரொவேச்சோ’ என்று சொல்லிவிட்டுப் போவார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்ற மாதிரி ஒரு வாழ்த்து. கோட்டு போட்டவர், கொத்தனார், பள்ளிக்கூடப் பையன் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு வார்த்தைக்காகவே இங்கே குடியேறலாம் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

குடியேறியும்விட்டோம். 2015-ல்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி ஹூஸ்டன் போய், ஒரு மருத்துவமனை லாபில் இருபத்தேழு வருஷம் ரத்தம் சோதித்தேன். வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களைச் சோதித்தார். இரண்டு பேரும் ரிட்டயர் ஆனதும், மகள் ஒரு மூலையில், மகன் ஒரு மூலையில். ஹூஸ்டனில் காரை எடுக்காமல் தக்காளிகூட வாங்க முடியாது. வயதான காலத்தில் நடந்துபோய்த் தக்காளி வாங்கக்கூடிய ஊர் வேண்டும் என்பதுதான் வீட்டுக்காரர் போட்ட ஒரே கண்டிஷன்.

இப்படித்தான் அஹிஹிக் வந்தோம். ஹலிஸ்கோ மாநிலம், குவாதலஹாரா நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம். மெக்ஸிகோவின் மிகப்பெரிய ஏரியான சப்பாலாவின் வடகரையில் ஒரு மீனவர் கிராமம். கடல் மட்டத்துக்கு மேலே ஐயாயிரம் அடி. வருஷம் பூராவும் ஏசி வேண்டாம், ஹீட்டர் வேண்டாம். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். அதைப் பார்த்ததுமே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரர்கள் இங்கே வருவது புதுசில்லை. எழுத்தாளர் டி.ஹெச்.லாரன்ஸ் 1923-ல் பக்கத்துச் சப்பாலா டவுனில் வாடகைக்கு வீடெடுத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களுக்கான சொசைட்டி 1955-ல் ஆரம்பித்தது. இன்றும் நடக்கிறது, அருமையான ஆங்கில நூலகத்தோடு. அமெரிக்கா, கனடாவிலிருந்து பென்ஷன்தாரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. அதே சமயத்தில் வடக்கேயிருந்து வெள்ளைக் கூழைக்கடாக்களும் வந்து இறங்குகின்றன. எதிர்க்கரையில் பெத்தாதான் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே மீன் அரிகிறவர்கள் கழிவை வீசி எறிய, ஆயிரக்கணக்கில் பறவைகள் வாயைப் பிளக்கும். கூந்தன்குளம் பார்த்தவளுக்கே மூச்சு நின்றது. மார்ச் வந்தால் பறவைகளும் போகும், பென்ஷன்தாரர்களும் போவார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

புதன்கிழமை சந்தை. ‘தியாங்கிஸ்’ என்று பெயர். ஸ்பானியர்கள் வருவதற்கு முந்தைய நாவாத்தல் மொழி வார்த்தை. சந்தைக்குப் போனால் நம்மூர்க் காய்கறிகளெல்லாம் தங்கள் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, சப்போட்டா எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவை. எதிர்த்திசையில் புளியும் மாம்பழமும் இங்கே வந்திருக்கின்றன. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் கப்பல் ஓடியது. ஒரு ஜாதி மாம்பழத்துக்கு இன்றும் இங்கே ‘மணிலா’ என்றுதான் பெயர். புளியைக் கரைத்து சர்க்கரை போட்டு ஜில்லென்று குடிக்கிறார்கள். புளித்தண்ணியை ரசமாக்காமல் அப்படியே குடிப்பதா என்று வீட்டுக்காரருக்கு இன்னும் ஆறவில்லை.

மக்காச்சோளத்தை இவர்கள் சும்மா அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி பூரா ஊறப்போட்டு, கழுவி, பிறகுதான் அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே ஜாதிச் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சோளத்தில் பூட்டிக் கிடக்கிற நயாசின் என்ற வைட்டமின் நம் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்து, தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. நூற்றாண்டுகளாக அம்மிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

லாபில் இருந்தவள் இல்லையா, இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் நிறுத்தமாட்டேன். மன்னியுங்கள்.

எங்கள் வியாழக்கிழமை மேஜை எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். பிளாசாவுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் ஒரு ‘ஃபோந்தா’. நம்மூர் மெஸ் மாதிரி. ஆறு மேஜை, ஒரு அம்மாள். பெயர் வேண்டாம், நாங்கள் ‘செனோரா’ என்றுதான் கூப்பிடுவோம். சூப், சாதம், ஒரு குழம்பு, சுடச்சுடத் தோர்தியா. ஏரியில் கிடைக்கிற சின்ன மீன் ‘சராலெஸ்’. அதை முழுசாக மொறுமொறுவென்று பொரித்து எலுமிச்சம்பழம் பிழிந்து தருவாள். நெத்திலி வறுவல் சாப்பிட்ட எந்த நாக்கும் அதை அந்நியமாக நினைக்காது. சனி ஞாயிறுகளில் பிர்ரியா. ஆட்டுக்கறியைக் காய்ந்த மிளகாய் மசாலாவில் பல மணி நேரம் வேகவைப்பது.

அங்கேதான் குவாதலஹாராவிலிருந்து வந்து செட்டிலான ஒரு ரிட்டயர்டு பள்ளிக்கூட டீச்சர் பழக்கமானார். அப்புறம் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து வந்த ஒரு கிழவர், பழைய பியானோ வாத்தியார். டெக்ஸஸிலிருந்து ஒரு தம்பதி. நாங்கள் இரண்டு பேர். டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: மேஜையில் ஸ்பானிஷ்தான். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசினால் ஐந்து பெசோ உண்டியலில். முதல் வருஷம் அந்த உண்டியலை நிரப்பியவர் பியானோ வாத்தியார். கோபம் வந்தால் அவருக்கு இங்கிலீஷ்தான் வரும், கோபமோ தினமும் வரும்.

முக்கியமாக, வெடிக்கு. ஊரின் காவல் புனிதர் செயின்ட் ஆண்ட்ரூ, மீனவர்களுக்கு வேண்டியவர். நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் திருவிழா, முப்பதாம் தேதி முடியும். ஒவ்வொரு தொழில்காரர்களும் ஒவ்வொரு நாளை எடுத்துச் செய்வார்கள். நம்மூர் மண்டகப்படி அப்படியே! விடியற்காலையில் ராக்கெட் வெடி வானத்தைக் கிழிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் ‘தூக்கம் போச்சு, நாய் பயப்படுது’ என்று புலம்புவார்கள். பனிமய மாதா திருவிழாவில் பத்து நாளும் தூங்காமல் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தத்தில்தான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இவர்கள் பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மரியாதை இருக்கிறது. டீச்சர் சாப்பிடக் கூப்பிடும்போது, ‘சனிக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பாடு’ என்பார். உங்கள் வீடு என்றால் அவர் வீடு. தன் வீட்டை எதிராளியின் வீடு என்று சொல்வதுதான் பண்பு. நம் பக்கத்தில் ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று சொல்வதைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள்.

*

கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். என் தங்கச்சிக்கு இது எதுவும் எடுபடவில்லை. இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் தூத்துக்குடியில் மறுநாள் காலை ஏழரை. காப்பியும் கையுமாக அவள் போன் போடுவாள். ஒருநாள் கேட்டாள்:

“எக்கா, பொழைக்கப் போனதுதான் வெளியூரு. சாகறதுக்குமா ஒரு வெளியூரு?”

பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டியிருந்தது. காரணம், அந்த வருஷம்தான் எங்கள் மேஜை காலியாக ஆரம்பித்திருந்தது.

டெக்ஸஸ் தம்பதி முதலில் போனார்கள். அந்த அம்மாளுக்கு இடுப்பில் பெரிய ஆபரேஷன் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வயதானவர்களுக்கு அரசாங்கம் தருகிற மெடிகேர் இன்ஷூரன்ஸ் எல்லையைத் தாண்டினால் அநேகமாக செல்லாது. நாற்பது வருஷம் சம்பளத்தில் பிடித்த வரிதான், ஆனால் மெக்ஸிகோ ஆஸ்பத்திரிக்கு ஒரு டாலர் தராது. ஜுரம், சளி என்றால் இங்கே கவலையில்லை. மருந்துக்கடையை ஒட்டியே ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார், ஃபீஸும் சொற்பம். வாசலில் குண்டு டாக்டர் வேஷம் போட்ட பொம்மை ஒன்று பாட்டுக்கு ஆடும். ஆனால் பெரிய வியாதி வந்தால் கைக்காசு வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். புதிதாக இன்ஷூரன்ஸ் எடுக்கலாமென்றால், வயதைச் சொன்னதும் ஏஜெண்ட்டின் முகம் மாறும். இந்த ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு வெளிநாட்டுக்காரர் தலைமேலும் இந்தக் கேள்வி தொங்குகிறது. போவதா, இருப்பதா?

2021-ல் என் வீட்டுக்காரருக்கு குவாதலஹாராவில் ஸ்டென்ட் வைத்தோம். கைக்காசு. நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ‘இரண்டாவது தடவை வந்தால்?’ என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு உதைத்தது. விடியற்காலை டீச்சர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ஒரு டப்பாவில் சூப். பின்னாலேயே செனோராவின் மகன், கொத்தனார், வேலைக்குப் போகாமல் வந்து நின்றான். ரத்தம் கொடுக்கணுமா என்று கேட்டான். ஹூஸ்டனில் இருபத்தேழு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவருக்கு என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பியானோ வாத்தியார் 2022 ஜனவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். தனிக்கட்டை. மகள் வின்னிபெக்கில். இங்கே அடக்கத்தைத் தள்ளிப்போடமாட்டார்கள், இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவார்கள். மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் கிழவர் ஒரு நிமிஷம்கூட தனியாக இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்து காவல் இருக்கிற ‘வெலோரியோ’வுக்கு தெருவே வந்தது. பட்டை போட்டு, வெல்லம் போட்டு, மண்பானையில் செனோரா காப்பி கொதிக்க வைத்தாள். நம்ம கருப்பட்டிக் காப்பிக்கு ஒன்றுவிட்ட தங்கை. வாத்தியார் கோயிலுக்குப் போகாதவர், சாமியே இல்லை என்று ஐந்து பெசோ கட்டி இங்கிலீஷில் வாதாடியவர். அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இறந்தவருக்காக ஒன்பது நாள் ஜெபமாலை சொல்வது வழக்கம். அதையும் சொல்லி முடித்தார்கள்.

மகள் ஒன்பதாவது நாள்வரை இருந்தாள். “அப்பாவுக்கு இத்தனை பேரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவருக்கு ஒரே ஒரு மேஜைதான் இருந்தது, மற்றவர்களெல்லாம் அந்த மேஜையைத் தாண்டிப் போகும்போது ‘ப்ரொவேச்சோ’ சொன்னவர்கள்.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி டீச்சர் வீட்டில் வாத்தியாருக்குப் படையல். தூத்துக்குடியில் வளர்ந்தவளுக்குக் கல்லறைத் திருநாள் புதுசா என்ன? ஆனால் இங்கே வீட்டுக்குள்ளேயே மேடை கட்டுகிறார்கள். இறந்தவரின் போட்டோ, மெழுகுவர்த்தி, உப்பு, தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அவருக்குப் பிடித்த சாப்பாடு. சுற்றிலும் கேந்திப்பூ. சென்னைக்காரர்களுக்குச் சொன்னால், துலுக்கசாமந்தி. நாம் நம்முடையது என்று மாலை கட்டுகிற அந்தப் பூவுக்குப் பூர்வீகம் இதே மெக்ஸிகோதான். வாசனையைப் பிடித்துக்கொண்டு இறந்தவர்கள் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார்களாம். மேடைமேல் சராலெஸ் வைத்தோம், டெகிலா வைத்தோம். டீச்சர் என்னைப் பார்த்து, “உங்க அந்த சூப் எங்கே?” என்றார். ரசத்தைத்தான் சொல்கிறார். வாத்தியாருக்கு என் ரசம் என்றால் உயிர். டெகிலாவோடு மாறி மாறிக் குடிப்பார். ஓடிப்போய் வைத்துக் கொண்டுவந்தேன்.

தங்கச்சிக்குப் போட்டோ அனுப்பினேன். மேடையில் ரசத்தைப் பார்த்துவிட்டு, “கொத்தமல்லி ஜாஸ்தியா இருக்கே” என்று மட்டும் எழுதினாள்.

*

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சீப்பாக வாழலாம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் ஏராளம். அந்தச் சீப்பும் நிலையில்லை. 2020 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 24 பெசோ கிடைத்தது. 2023-ல் 17-க்கு இறங்கியது. நாங்கள் ஒன்றும் செய்யாமலே பென்ஷனில் கால் பங்குக்கு மேல் காணாமல் போனது. நாங்கள் முனகினோம், வெளியே சாப்பிடுவதை ஒருநாள் குறைத்தோம். அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்கள் கதை வேறு. 2020-ல் அரசாங்கம் அஹிஹிக்குக்கு ‘மாயக் கிராமம்’ என்று பட்டம் கொடுத்தது. சுற்றுலா கூடியது, வீட்டு விலை ஏறியது, வாடகை டாலரில் பேச ஆரம்பித்தார்கள். செனோராவின் மகன் இந்த ஊரில் எத்தனை பங்களா கட்டியிருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. அவன் குடியிருக்க இங்கே வீடில்லை. பக்கத்து ஊரான சான் ஹுவான் கொசலாவுக்குப் போய்விட்டான். தினமும் பஸ்ஸில் வந்து எங்களைப் போன்றவர்களின் மொட்டைமாடிக்கு ஓடு பதிக்கிறான். 2025 ஜூலையில் மெக்ஸிகோ சிட்டியில் வெளிநாட்டுக்காரர்களால் வாடகை ஏறுவதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். டீவியில் பார்த்தபோது மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நானே செனோராவிடம் கேட்டேன். “எங்க மேல கோபமா?”

அவள் தோர்தியாவைத் திருப்பிப் போட்டாள். “உங்க மேல எதுக்குக் கோபம்? நீங்க வாடகையை ஒழுங்கா குடுக்கறீங்க. என் பேரன் எங்க போய்க் குடுப்பான், அதைச் சொல்லுங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. நாங்கள் கிளம்பிப் போனால் அந்த வீடு அவள் பேரனுக்குக் கிடைக்கப்போவதில்லை, இன்னொரு டாலர்காரருக்குத்தான் போகும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அது எங்களுக்குச் சௌகரியமான உண்மை.

போன மாசம் ஃபோந்தா கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். டூரிஸ்ட்டுகளுக்கு அறை கட்டப் போகிறாராம். வருஷக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். செனோரா அழவில்லை. சான் ஹுவானில் மகன் வீட்டு முற்றத்தில் கொட்டகை போட்டு அடுப்பு வைக்கப் போகிறாள். இரண்டு மேஜைதான் போட முடியுமாம்.

“ஒண்ணு உங்களுக்கு” என்றாள். “வியாழக்கிழமை.”

மகள் போனில் சொல்கிறாள்: “அம்மா, அப்பாவுக்கு எழுபத்தஞ்சு ஆச்சு. இனிமே பஸ்ல போய் லஞ்ச் சாப்பிடணுமா? திரும்பி வந்துடுங்க.” அவள் சொல்வதிலும் தப்பில்லை. மார்ச்சில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரர் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்கிறார். நான் சரி என்றேன். அடுத்த மார்ச்சில் மறுபடியும் இதே பேச்சு வரும்.

ஜனவரி முதல் வியாழக்கிழமைக்கு ரசம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் செனோரா. ஒன்றரை மணி பஸ்ஸில் போக வேண்டும், கல் பாவின ரோடு, நல்லா குலுங்கும். சிந்தாமல் கொண்டுபோக மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று வேண்டும். இங்கே எங்கே கிடைக்கும்? தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று லிட்டரா, ஐந்து லிட்டரா என்று கேட்கிறாள்.